மருந்துக்கு விலை கொடுத்தவர் யார்?

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பொன்னைப் பற்றியே எழுதினர். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தைப் போற்றினர். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த விந்தையை வியந்தனர். அந்தப் பொன்னைத் தோண்டிய மனிதரின் உடலுக்கு நோய் வந்தபோது அவர் யாரிடம் சென்றார், சென்ற இடத்தில் வைத்தியம் பிழைத்துப் போனால் யாரைக் கேட்க முடிந்தது என்னும் செய்தியோ அருகியே எழுதப்பட்டுள்ளது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கட்கு அச்செய்தி பயன்படும் என்று கருதி, ஊரிகத்திலிருந்து தொடங்கி அதனை ஆராயப் புகுகின்றோம்.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் கிளை இரயில் பாதையில் ஊரிகம் ஒரு நிலையம். 1880களில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி இப்பகுதியில் சுரங்கங்களை நடத்தத் தொடங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் தமிழ்த் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்தனர். அவருள் பெரும்பாலோர் நிலமற்றவர். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர். மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்ற நான்கு பெருஞ் சுரங்கங்களைச் சுற்றி வரிசை வரிசையாக அமைந்த 'லைன்' வீடுகளில் அவர் குடியேறினர். வீடு கம்பெனியுடையது, வேலை கம்பெனியுடையது, நோய் வந்தால் போகும் ஆஸ்பத்திரியும் கம்பெனியுடையதே.

இந்த ஏற்பாட்டில் நன்மை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. சொந்த ஊரில் மைல் கணக்கில் நடந்தாலும் மருத்துவரைக் காணாத ஏழைக்கு, இங்கே மருந்தும் பிரசவமும் அறுவைச் சிகிச்சையும் கைக்காசு கொடாமல் கிடைத்தன. ஆயினும் அதற்குள்ளேயே ஒரு சிக்கலும் இருந்தது. கூலி கொடுப்பவர், குடியிருக்க இடம் கொடுப்பவர், மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பவர் எல்லாம் ஒருவரே ஆனால், மருத்துவத்தில் தவறு நேர்ந்தது என்று ஐயுறுகின்ற தொழிலாளி எவரிடம் போய் முறையிடுவது? முறையிட்டால், 'இனாமாகக் கிடைத்த வைத்தியத்திற்குக் கணக்குக் கேட்கின்றாயா?' என்ற பதில் ஆயத்தமாக இருந்தது. பிறர் சொல்லவும் வேண்டா. தொழிலாளியே தன் மனத்துள் அவ்வாறு எண்ணி அடங்கிவிடுவதும் உண்டு.

நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திருந்து உதவுவோன் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டென்று திருவள்ளுவர் வகுத்துள்ளமை நாம் அறிந்ததே. விலை கொடுப்பவன் என்ற ஐந்தாவது கூறு ஒன்றை அவர் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய தேவை அக்காலத்தில் இருந்திராது. நம் காலத்துச் சட்டமோ அந்த ஐந்தாவது கூற்றைச் சுற்றியே நெடுங்காலம் வழக்காடிற்று.

மேலே செல்லுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம்; தங்கவயலில் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர் உளர். சுரங்கத்தில் பாறை வெடித்துக் கால் போயிற்று என்றால், அல்லது கல்தூசியை மூச்சில் வாங்கி வாங்கி நுரையீரலில் 'சிலிக்கோசிஸ்' என்னும் நோய் பற்றிற்று என்றால், அது தொழிலால் வந்த கேடு. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒன்று பிரிட்டிஷ் இந்தியாவில் 1923ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. அவ்வகைச் சட்டத்தின்கீழ் முதலாளியின்மேல் குற்றம் இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்று காட்டினால் பொதுவாகப் போதும். மருத்துவத் தவறு அவ்வாறன்று. காலை இழந்த தொழிலாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றபின், அங்கே காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டாமையால் அவன் இறந்தான் என்றால், அந்தக் கவனக்குறைவை நாம் மெய்ப்பித்தாக வேண்டும். நோய் தீரவில்லை என்பது மட்டும் தவறாகாது. மருத்துவர் உயிருக்கு உத்தரவாதம் கொடுப்பவர் அல்லர். தக்க திறமையையும் தக்க கவனத்தையும் காட்டுவதாக மட்டுமே அவர் பொறுப்பேற்கின்றார்.

மருத்துவரைக் கேள்வி கேட்கலாம் என்ற எண்ணம் மேனாட்டாரிடமிருந்து வந்தது என்று எண்ணுதல் பிழை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், உயிருக்கு ஆபத்தான நோயை அதிகாரிகட்கு அறிவியாமல் சிகிச்சை செய்து நோயாளி இறந்தால் மருத்துவனுக்கு ஒரு தண்டமும், தவறான சிகிச்சையால் இறந்தால் அதனினும் மிகுந்த தண்டமும் விதிக்கின்றது. அது அரசன் வாங்கும் தண்டம். நோயாளியின் குடும்பத்தார் தாமே வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறுவது என்பது இந்நாட்டில் ஆங்கிலேயர் காலத்து நீதிமன்ற முறையோடு வளர்ந்தது. ஒருவரது தவறான செயலால் உயிர் போனால் மனைவியும் கணவனும் பெற்றோரும் மக்களும் இழப்பீடு கேட்கலாம் என்ற சட்டம் 1855ஆம் ஆண்டில் வந்தது. அது இன்றும் ஏட்டில் உள்ளது.

சட்டம் இருந்தும் மருத்துவர்மீது வழக்கு மிக அரிதாகவே வந்தது. வந்தவற்றுள் நாம் நின்று நோக்க வேண்டியது புனே நகரத்து வழக்கு ஒன்று. 1953ஆம் ஆண்டு மே மாதம் இரத்தினகிரி மாவட்டத்துக் கடற்கரையில் இருபது வயது இளைஞர் ஒருவருக்கு விபத்தில் இடது தொடையெலும்பு முறிந்தது. அவருடைய தந்தையும் ஒரு மருத்துவர். மூன்று நாள் கழித்து மகனைப் புனேக்குக் கொண்டு சென்று எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சேர்த்தார். அங்கே முழு மயக்கம் கொடாமல், மார்ஃபியா ஊசி ஒன்றை மட்டும் போட்டு, உதவியாளர் சிலரைக் கொண்டு காலை வலிந்து இழுத்து எலும்பைப் பொருத்தினர் என்பதும், அந்த அதிர்ச்சி தாங்காமல் அன்றிரவே இளைஞர் இறந்தார் என்பதும் வழக்கு. கீழ்நீதிமன்றம் மூவாயிரம் ரூபாய் இழப்பீடு விதித்தது. மருத்துவர் மேன்முறையீடு செய்தார். 1968ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் அம்மேன்முறையீட்டைத் தள்ளிற்று. நோயாளியை ஏற்றுக்கொள்ளலாமா என்று முடிவு செய்வதிலும், எந்தச் சிகிச்சை செய்வது என்று தீர்மானிப்பதிலும், அச்சிகிச்சையைச் செய்வதிலும் மருத்துவர் கவனக் கடமை உடையவர் என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. பின்வந்த தீர்ப்புகள் பலவும் அதனை அடியொற்றிச் சென்றன.

மூவாயிரம் ரூபாய், பதினைந்து ஆண்டு. வழக்காடியவரோ தாமே மருத்துவர். மருத்துவச் சொற்களின் பொருளை அறிந்தவர். மருத்துவர்க்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்கத் தெரிந்தவர். ஊரிகத்து லைன் வீட்டில் இருந்த ஒரு தாய், பிரசவத்தில் இறந்த மகளுக்காக அத்தகைய வழக்கை நடத்தியிருப்பாள் என்று எதிர்பார்க்க முடியுமா?

அரசாங்க மருத்துவமனை என்றால் இடர்ப்பாடு இன்னும் பெரிது. ஔரங்காபாத்து அரசு மருத்துவமனையில் 1963ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமும், அதனைத் தொடர்ந்து குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் நடந்தன. வயிற்றினுள் துடைக்கும் துணி ஒன்று விடப்பட்டிருந்தது. அதே மாதத்தில் அவர் இறந்தார். மருத்துவமனை நடத்துவது அரசின் இறைமைச் செயல், ஆகையால் அரசு பொறுப்பாகாது என்ற வாதம் உயர்நீதிமன்றத்தில் வென்றது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாளன்றுதான், மருத்துவமனை நடத்துதல் இறைமைச் செயலன்று, தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசு பதில் சொல்ல வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்கில் எந்தக் கை துணியை விட்டது என்று நோயாளி காட்டவும் வேண்டியதில்லை. காரியமே சாட்சி சொல்லும் என்பது சட்டக் கொள்கை. நீதி வந்தது உண்மை. அது வருவதற்குள் அப்பெண் ஈன்ற குழந்தை முப்பத்திரண்டு வயதை எட்டும் அளவு காலம் கடந்துவிட்டது.

உரிமையியல் நீதிமன்றத்தின் இந்தத் தாமதத்திற்கு மாற்றாகத்தான் 1986ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடையில் வாங்கும் பொருளுக்கும், காசு கொடுத்துப் பெறும் சேவைக்கும் குறை ஏற்பட்டால், மாவட்ட அளவிலேயே எளிய முறையில் முறையிடலாம். வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. அச்சட்டத்தில் மருத்துவர் என்ற சொல்லே இல்லை. ஆனால் 'சேவை' என்பதற்கு அது கொடுத்த இலக்கணத்தில் இரண்டு விலக்குகள் இருந்தன: இலவசமாகச் செய்யும் சேவை ஒன்று, ஒருவர் மற்றொருவரிடம் ஆளாக அமர்ந்து செய்யும் ஊழியம் மற்றொன்று. மருத்துவர் செய்வது இச்சட்டத்துள் அடங்குமா என்று நாடெங்கும் வழக்குகள் எழுந்தன. தேசிய ஆணையம் 1992இல் திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றைப் பற்றிய வழக்கில் அடங்கும் என்றது. சென்னை உயர்நீதிமன்றம் 1994இல், நோயைக் கண்டறிந்து சிகிச்சை செய்வது அச்சட்டம் கூறும் சேவையன்று என்றது. தமிழகத்து நோயாளிக்கு அக்கதவு அத்தோடு அடைபட்டது போலாயிற்று.

இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த மேன்முறையீட்டில் உச்சநீதிமன்றம் 1995ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இந்தப் பூசலைத் தீர்த்தது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி. பி. சாந்தா என்பது வழக்கின் பெயர். நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சி. அகர்வால், பி. எல். ஹன்சாரியா ஆகியோர் அமர்ந்த அந்த மன்றம், மருத்துவம் சேவையே என்றது. சென்னைத் தீர்ப்பும் அத்தோடு வீழ்ந்தது. மருத்துவர் நோயாளியிடம் ஆளாக அமர்ந்தவர் அல்லர்; தம் அறிவைக் கொண்டு தாமே முடிவு செய்து பணி ஆற்றுபவர்; ஆகவே ஊழிய விலக்கு அவருக்குப் பொருந்தாது.

எஞ்சி நின்றது இலவசம் என்ற விலக்கு. தங்கவயலின் கண்கொண்டு நோக்கினால் அத்தீர்ப்பின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது என்பது எமது கருத்து. யாவரிடமும் காசு வாங்காத மருத்துவமனை சட்டத்துக்கு வெளியே நிற்கும். பெயர்ப் பதிவுக்கு ஒரு சிறு தொகை வாங்கினாலும் அந்நிலை மாறாது. யாவரிடமும் காசு வாங்குவது உள்ளே வரும். சிலரிடம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையாயின், காசு கொடாத ஏழையும் உள்ளே வருவான்; ஏனெனின் கொடுத்தவரின் பணத்திலிருந்தே அவனுக்குச் செலவாகின்றது; ஏழை என்பதற்காக அவனுக்குக் குறைந்த கவனம் காட்டலாம் என்று சட்டம் சொல்ல முடியாது. காப்பீட்டு நிறுவனம் கட்டணத்தைச் செலுத்தினாலும் அது இலவசம் அன்று. அடுத்து மன்றம் கூறியது யாதெனின், வேலை நிபந்தனையின் ஒரு பகுதியாகத் தொழிலாளியின் மருத்துவச் செலவையும், அவனைச் சார்ந்த குடும்பத்தாரின் மருத்துவச் செலவையும் முதலாளி ஏற்றுக்கொண்டால், அவர் பெறும் சிகிச்சையும் இலவசமன்று.

இதனை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நூறாண்டுக்கும் மேலாகத் தங்கவயலில் 'இனாம் வைத்தியம்' என்று வழங்கி வந்தது உண்மையில் இனாம் அன்று. கூலியின் மற்றொரு வடிவமே அது. சுரங்கத்தின் அடியில் வெப்பத்தில் நின்று தொழிலாளி அதற்கு முன்னரே விலை கொடுத்துவிட்டான். சட்டம் இதனை ஒப்புக்கொண்ட காலத்தில் தங்கச் சுரங்கத்தின் ஆயுள் முடியும் தறுவாயில் இருந்தது. 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் மத்திய அரசுக்கும் கைமாறி, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரில் நடந்த அச்சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியோடு மூடப்பட்டது. தீர்ப்புக்கும் மூடலுக்கும் இடையே ஐந்தே ஆண்டு. அதற்குமுன் கம்பெனி ஆஸ்பத்திரியில் படுத்த தலைமுறைகட்கு இவ்வுரிமை காலங்கடந்து வந்தது என்றே கூறவேண்டும்.

ஆயினும் அக்கொள்கை பிறர்க்குப் பயன்பட்டது. மத்திய இரயில்வே ஊழியர் ஒருவரின் மனைவி இரயில்வே மருத்துவமனைச் சிகிச்சையில் இறந்த வழக்கில், அம்மருத்துவம் இலவசமன்று என்று உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. 2007ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தின் மருத்துவமனைகளும் நுகர்வோர் சட்டத்துள் அடங்கும் என்றது. மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகை அங்கே விலையாகின்றது. வேற்று மாநிலங்களில் ஆலைகளிலும் இரயில்வேயிலும் பணிபுரியும் தமிழர் பல்லாயிரவர். அவர்கள் இவ்விரு தீர்ப்புகளையும் மனத்தில் இருத்துதல் வேண்டும். குறிப்பிட்ட ஒரு மருத்துவமனை எந்த வகையைச் சேர்ந்தது என்பது சான்றுகளைக் கொண்டு முடிவு செய்யப்படும் செய்தி. ஆதலின் சம்பளச் சீட்டும், வேலை நிபந்தனைகளைக் காட்டும் தாள்களும் பெட்டியில் பத்திரமாக இருத்தல் நன்று.

முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனையில் தவறு நேர்ந்தால் என் செய்வது? நுகர்வோர் ஆணையம் செல்லாது. ஆனால் உரிமையியல் நீதிமன்றம் உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் உயிர் வாழும் உரிமையைக் காட்டி உயர்நீதிமன்றத்தையும் அணுகலாம். 1992ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட கூலித் தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை என்று திருப்பியனுப்பின. இறுதியில் அவர் தனியார் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு மே மாதம் அதனை உயிருரிமை மீறல் என்று கூறி, 25,000 ரூபாய் கொடுக்கும்படி அரசுக்குக் கட்டளையிட்டது.

தங்கவயலுக்கே மீள்வோம். சுரங்கம் மூடியபின் இவ்வூர் மக்களின் வாழ்க்கை இரயிலைப் பற்றி நிற்கின்றது. விடியுமுன் மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் பல்லாயிரவர். பெருநோய் வந்தால் பெங்களூருக்கோ வேலூருக்கோ செல்கின்றனர். நோயாளி ஓர் ஊர், மருத்துவமனை வேறோர் ஊர், சில வேளை வேறொரு மாநிலம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எதிர்த்தரப்பார் இருக்கும் இடத்திலோ தவறு நிகழ்ந்த இடத்திலோதான் முறையிட வேண்டியிருந்தது. தினக்கூலியை விட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளியூர் செல்ல யாரால் இயலும்? புலம்பெயர்ந்து வாழ்வோர் பலர் வழக்கைத் தொடங்காமலேயே விட்டதற்கு இது ஒரு பெருங்காரணம் என்று எண்ணுகின்றோம்.

2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டம் இதனை மாற்றிற்று. முறையிடுபவர் தாம் வசிக்கும் இடத்திலோ தொழில் புரியும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். வேலூரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஊரிகத்துக்காரர் கோலார் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். விடுமுறையில் மதுரைக்குச் சென்று சிகிச்சை பெற்ற மும்பைத் தமிழர் மும்பையிலேயே கொடுக்கலாம். மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய் வரையாயின், கேட்கும் இழப்பீடு எவ்வளவு ஆயினும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்; செலுத்திய தொகை 5 இலட்சம் வரையாயின் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. புதிய சட்டத்தின் இலக்கணத்திலும் மருத்துவம் என்ற சொல் இல்லாமையால் மீண்டும் ஒரு பூசல் கிளம்பிற்று. மருத்துவம் அடங்கும் என்ற நிலையை உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரலில் மாற்றாமல் விட்டது. 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பையே மறுபடி ஆராயவேண்டும் என்று 2024 மே மாதத்தில் இருவர் அமர்வு ஒன்று கூறியது. அதே ஆண்டு நவம்பரில் மூவர் அமர்வு அது வேண்டியதில்லை என்றது.

இழப்பீடு வேண்டாம், மருத்துவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று சினத்தில் காவல் நிலையத்துக்கு ஓடுவோர் உளர். அவ்வழி குறுகலானது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் உச்சநீதிமன்றம் வகுத்த நெறிப்படி, சாதாரணக் கவனக்குறைவு குற்றமாகாது. மிகக் கொடிய அசட்டை இருந்தாலன்றி மருத்துவர்மீது குற்ற வழக்கு நில்லாது. புலனாய்வு செய்பவர் வேறொரு மருத்துவரின், கூடுமானால் அரசு மருத்துவரின், நடுநிலையான கருத்தை முன்னதாகப் பெறவேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சிகிச்சையில் அசட்டையால் மரணம் விளைவித்த பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை சிறை விதிக்கின்றது. மாநில மருத்துவக் கவுன்சிலில் முறையிடுவது இன்னொரு வழி. கர்நாடகத்தில் கர்நாடக மருத்துவக் கவுன்சில். எச்சரிக்கவும், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. பணம் வாங்கித் தருவது அதன் வேலையன்று.

மொழியைப் பற்றி ஒரு சொல். தாய்மொழி வழங்காத ஊரில் வாழ்பவர், அறுவைக்கு முன் நீட்டப்படும் தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்று அறியாமலே கையெழுத்திடுவது அன்றாட நிகழ்ச்சி. 2008ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் தீர்க்கப்பட்ட தில்லி வழக்கொன்றில், பரிசோதனைக்காக மட்டும் மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டனர். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்கு ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அறிவு தெளிந்த நிலையில் உள்ள வயது வந்தவருக்காகப் பிறர் ஒப்புதல் தரவும் இயலாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. என்ன சிகிச்சை, என்ன பயன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பவற்றை நோயாளி புரிந்துகொண்டு தருவதே ஒப்புதல். ஊரிகத்து மூதாட்டிக்கு அவை தமிழில் சொல்லப்படாவிடில் அவர் எங்ஙனம் புரிந்துகொள்வார்? கேட்டுத் தெளிந்தபின் கையெழுத்திடுவதில் நாணம் வேண்டியதில்லை.

வழக்கை நிறுத்துவதும் வீழ்த்துவதும் சான்றே. 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தல் வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுத் திரும்புவோர் பலர். எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் வாங்குதல் முறை. உயிர் போயிருந்தால் துயரத்தில் பிண ஆய்வை வேண்டாம் என்று சொல்லிவிடுகின்றனர்; சாவின் காரணம் என்னவென்று பின்னர் நிலைநாட்டுவது அதனால் மிகக் கடினமாகின்றது. வேறொரு மருத்துவ வல்லுநரின் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயம் அன்று என்று 2010 மார்ச்சு மாதத்தில் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. மலேரியாவுக்குத் தக்க சிகிச்சை செய்யாமல் டைஃபாய்டுக்குச் செய்ததாக எழுந்த ஐதராபாத்து வழக்கு அது. எனினும் சிக்கலான நோய்களில் அத்தகைய கருத்து இல்லாமல் வெல்லுதல் அரிது. ஒரு துறையில் தேர்ந்த மருத்துவர் பலர் ஏற்கும் முறைப்படி நடந்தவர்மீது, வேறொரு முறை இருந்தது என்பதற்காகப் பழி சுமத்த முடியாது என்று 1957ஆம் ஆண்டு இலண்டன் தீர்ப்பொன்றில் பிறந்த அளவுகோலே இன்றும் நம் நாட்டில் வழங்குகின்றது.

சான்று கைவசம் இருந்தால் என்ன கூடும் என்பதற்குச் சென்னை எழும்பூர் வழக்கு எடுத்துக்காட்டு. 1996 ஆகஸ்டு மாதம் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். அத்தகைய குழந்தைகட்குக் கண்ணின் விழித்திரை கெடக்கூடும். குறித்த வாரங்களுக்குள் பரிசோதித்தால் தடுக்கலாம். அப்பரிசோதனையைச் செய்யவும் இல்லை, செய்யுமாறு பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த குறிப்புத் தாள் வழக்கில் முக்கியச் சான்றாயிற்று. தேசிய ஆணையம் 5 இலட்சம் ரூபாய் விதித்தது. 2015 ஜூலை 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை உயர்த்தி, எதிர்காலச் சிகிச்சைக்காக 1,38,00,000 ரூபாயும், அதுவரை ஆன செலவுக்காக 42,87,921 ரூபாயும் கொடுக்கக் கட்டளையிட்டது.

அந்தப் பெற்றோர் காலத்தோடு மனுச் செய்தவர். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டாண்டே தவணை. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மரணத்துக்காக உரிமையியல் வழக்குத் தொடுக்கவும் மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டாண்டே. மருத்துவமனை, உள்நோயாளியின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு காத்து வைத்தால் போதும் என்கின்றன 2002ஆம் ஆண்டு விதிகள். அதற்குப்பின் அத்தாள்களைக் கேட்டுப் பெறுவது உறுதியில்லை.